தேதிக்காரர்

ஜூன் மாதத்துச் சென்னையில் 'வாட்டர்' என்ற சொல்லைக் கண்ணில் காட்டினால் போதும், படுத்திருப்பவர் எழுந்து குடத்தைத் தேடுவார். போன வருஷம் ஜூன் 18-ஆம் தேதி விடிகாலை 5 மணி 2 நிமிஷத்துக்கு எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி விழுந்தது. பூட்டிய போன் திரையில் முதல் இரண்டு சொல்தானே தெரியும்? "இன்று வாட்டர்…" முதல் மாடிக்காரர் பனியனோடு இறங்கிவிட்டார். எதிர்வீட்டு அம்மா மூன்று பிளாஸ்டிக் குடங்களையும் ஓர் அண்டாவையும் கேட் வரைக்கும் நகர்த்திவிட்டார். நானும் மோட்டார் ரூம் சாவியோடு பாதிப் படி இறங்கிய பிறகுதான் செய்தியைத் திறந்தேன்.

"இன்று வாட்டர்லூ போர் நடந்த நாள் (1815). நெப்போலியன் தோல்வி. இனிய காலை வணக்கம்."

லாரி மறுநாள்தான் வந்தது.

அனுப்பியவருக்கு எங்கள் பிளாக்கில் தேதிக்காரர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். காதில் விழுந்ததும் பட்டம் என்று எண்ணி வாங்கிக்கொண்டுவிட்டார். இவரைப் போல ஒருவர் இல்லாத நடைப்பயிற்சிப் பூங்காவும் கிடையாது, ஓய்வூதியர் சங்கமும் கிடையாது. ரிட்டயர் ஆனதும் சிலருக்குச் சர்க்கரை வருகிறது, சிலருக்கு ரத்தக்கொதிப்பு. இன்னும் சிலருக்குத் தேதி.

இவருக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. 36 வருஷம் தபால் ஆபீஸ். அங்கே காலையில் முதல் காரியம், முத்திரையில் நேற்றைய எண்ணைக் கழற்றி இன்றைய எண்ணைச் செருகி, நோட்டில் ஒரு தரம் குத்திப் பார்ப்பது. ஓய்வு பெற்ற மறுநாள் கை நமநமவென்று அரித்திருக்கும். குத்த நாங்கள் கிடைத்தோம்.

மற்ற வீடுகளில் தினசரி காலண்டரைக் கிழிப்பது நல்ல நேரமும் எமகண்டமும் பார்க்க. அவர் வீட்டில் ராகு காலத்தை எவரும் சீந்துவதில்லை. கிழித்த தாளின் முதுகில் பொடி எழுத்தில் அன்றைய போர்கள், கொலைகள், கவிழ்ந்த அரசுகள், கையெழுத்தான ஒப்பந்தங்கள் எல்லாம் ஏறும். பிறகு அது கோடு போட்ட பெரிய நோட்டுக்குப் போகும். நாளுக்கு ஒரு பக்கம், மொத்தம் 366. இதில் பிப்ரவரி 29-க்குத்தான் சரக்கு சேரவில்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது, நோஞ்சான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் தகப்பன் முகம் அவருக்கு.

அவருக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போவதற்குத் தனி மனத்திடம் வேண்டும். நாலாவது மாடிக்காரர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை சகிதம் போனபோது நான் அங்கே இருந்தேன். தேதிக்காரர் பெண் பெயரைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளை பெயரையும் பார்க்கவில்லை. நேராகத் தேதிக்குப் போனார்.

"நவம்பர் ஒன்பதா?"

"ஆமா சார், நல்ல முகூர்த்தம்."

"1918-ல ஜெர்மனியில கெய்சர் முடி துறந்த நாள்."

"திருப்பதியிலயா சார்?"

அவர் நிறுத்தவில்லை. 1923-ல் மியூனிக்கில் ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துச் சுருண்டதும் நவம்பர் 9. 1938-ல் யூதர் கடைகளையும் கோயில்களையும் நாஜிகள் அடித்து நொறுக்கிய இரவும் அதுவே. 1989-ல் பெர்லின் சுவர் திறந்ததும் அன்றைக்குத்தான். ஒரே நாட்டுக்கு ஒரே தேதியில் இத்தனை விழுந்தது விசித்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாம்பாளத்தை ஏந்தி நிற்கிற பெண்ணின் தகப்பனாரிடமா அதைச் சொல்வது? அவர் மெதுவாக, "பொண்ணு வீடு நாங்கதான் சார். வந்து நடத்திக் கொடுக்கணும்" என்றார். "வராம? சுவர் இடிஞ்ச நாளாச்சே" என்று சந்தோஷமாகவே பழத்தை எடுத்துக்கொண்டார் தேதிக்காரர்.

அவருடைய கல்யாணமும் தப்பவில்லை. ஜூன் 23. 1757-ல் பிளாசி யுத்தம் நடந்த நாள். இதை அவர் சொல்லாத விருந்தாளி இல்லை. அவர் மனைவி காபி டம்ளரை வைத்துக்கொண்டே, "கூட இருந்தே காலை வாரின மீர் ஜாபர் யாருன்னும் சொல்லுங்க" என்பார். கல்யாணத் தரகர் அந்த அம்மாளுடைய ஒன்றுவிட்ட சித்தப்பாவாம்.

ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தில் அவருக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்குவது வழக்கம். அவர் எடுப்பது இருபது. 1945-ல் ஜப்பான் பணிந்ததை அறிவித்த நாள் என்பதால்தான் மவுண்ட்பேட்டன் அந்தத் தேதியைப் பிடித்தார் என்று தொடங்கி, 1769-ல் நெப்போலியன் பிறந்ததைத் தொட்டு, 1975-ல் டாக்காவில் முஜிபுர் ரஹ்மான் கொல்லப்பட்டதற்கு வருவதற்குள் பிள்ளைகள் கையில் மிட்டாய் இளகிவிடும். அவருடைய சகலை புதுச்சேரிவாசி. அதில் இவருக்குத் தீராத பொறாமை. பின்னே? இங்கே சுதந்திரம் ஒரு நாளோடு முடிந்துபோகிறது. அங்கே 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பேர் கூடி வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். "ஒரு ஊருக்கு எத்தனை தேதி பாருங்க!" என்பார், பக்கத்து வீட்டுக் கிணற்றில் மட்டும் தண்ணீர் ஊறுவதைச் சொல்வது போல.

அவருடைய தீபாவளி செப்டம்பர் 22. அன்று ராத்திரி ஒன்பதரைக்குத் தெருமுனை டீக்கடையில் ஆஜர். 1914-ல் அதே வேளையில்தான் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து விளக்கடித்துச் சுட்டது. சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும் அவருக்கு. பெஞ்சு வங்காள விரிகுடா. பன் ஒன்று துறைமுகம். இரண்டு டீ கிளாஸ், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். யாரோ வைத்திருந்த தீப்பெட்டிதான் எம்டன். தீப்பெட்டியைக் கிளாஸை நோக்கி நகர்த்தி, "விளக்கைப் போட்டான்! சுட்டான்! தொட்டி பத்திக்கிச்சு!" என்று உதட்டால் வெடி வைப்பார். நூறுக்கு மேல் குண்டு, அரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது. கரையிலிருந்து நம்மவர்கள் திருப்பிச் சுட்டது எதுவும் படவில்லை. மறுநாள் பட்டணத்தில் பலர் மூட்டை கட்டினார்கள். உயர் நீதிமன்றச் சுவரில் இன்றைக்கும் அதற்கொரு கல்வெட்டு உண்டு.

அப்போது கூட்டத்தில் எவராவது, "அந்தக் கப்பல்ல சுதந்திரப் போராட்ட வீரர் செண்பகராமன் இருந்தாராமே" என்பார். அதற்கு உறுதியான சான்று இல்லை என்று தேதிக்காரருக்கும் தெரியும். ஆனால் இல்லை என்று சொன்னால் டீ ஆறிவிடும், கூட்டம் கலைந்துவிடும். "ஆராய வேண்டிய விஷயம்" என்று பன்னை ஒரு கடி கடித்து, துறைமுகத்தில் கால்வாசியை விழுங்குவார்.

டீ மாஸ்டருக்கு இதெல்லாம் புதிது இல்லை. "எங்கப்பாவும் ஒரு எம்டன்தான் சார்" என்பார், வருஷம் தவறாமல். கப்பல் பேர் போய் மனுஷனுக்கு வசவாகி, வசவு பாராட்டாகிவிட்ட ஊர் இது. அந்தக் கப்பலைக் கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் அடித்துக் கரை தட்ட வைத்தது எப்போது என்கிறீர்கள்? நவம்பர் 9. எண்ணிப் பார்த்தேன். சென்னையைச் சுட்டதிலிருந்து சரியாக 48 நாள், ஒரு மண்டலம். தேதிக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவேயில்லை. வருஷக்கணக்கில் பழகியும் கிடைக்காத மரியாதை அன்றைக்குத்தான் எனக்குக் கிடைத்தது.

எனக்கு அவரிடம் ஒரே மனத்தாங்கல். தேதியைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் வைத்துவிட்டு, கை கழுவச் சொல்வது போல இருக்கும். போன ஜூலை 10 அன்று லிஃப்டில் ஒரு நாலாம் வகுப்புப் பையனைப் பிடித்து, "இன்னிக்கு என்ன நாள் சொல்லு? வேலூர்ப் புரட்சி. 1806" என்றார்.

"ஏன் தாத்தா சண்டை போட்டாங்க?"

"ஜூலை 10-ப்பா. 1857-க்கு 51 வருஷம் முன்னாடி."

"சரி, ஏன்?"

லிஃப்ட் நின்றது. பையன் இறங்கிப் போய்விட்டான்.

அவனுக்குச் சொல்ல எவ்வளவு இருக்கிறது! எல்லாம் ஒரு தொப்பியில் ஆரம்பித்த சமாசாரம். சிப்பாய்கள் பார்வைக்குத் தொப்பி மாதிரி இருக்கும் புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும், அதில் தோல் சின்னம். நெற்றியில் விபூதி நாமம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியைக் கத்தரிக்க வேண்டும் என்று உத்தரவு. முணுமுணுத்தவர்களுக்குக் கசையடி. வேலூர்க் கோட்டைக்குள்தான் திப்புவின் குடும்பத்தைக் காவலில் வைத்திருந்தார்கள். ஜூலை 9-ல் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். கல்யாணக் கூட்டம், கையில் துப்பாக்கி, மனசில் தொப்பி. விடிவதற்குள் வெடித்துவிட்டது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்தான். கோட்டைக்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்று குவித்தார்கள். தலைப்பாகை உத்தரவு வாபஸ். படைத்தளபதி கிராடக், கவர்னர் பெண்டிங் இருவரையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. இதையெல்லாம் விட்டுவிட்டு 'ஜூலை 10' என்றால் பையன் எந்த மாடியில் வேண்டுமானாலும் இறங்கிப் போவான்தானே?

அவரை அசைத்தது ஏன் என்ற கேள்வி அல்ல. எப்போது என்ற கேள்வி. போன வருஷம் செப்டம்பர் 10 அன்று, "1746-ல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமான நாள். இனிய காலை வணக்கம்" என்று போட்டிருந்தார். இரண்டாம் மாடியில் குரூப் 2-க்குப் படிக்கும் பெண் உடனே கேட்டாள்: "அங்கிள், என் புக்ல செப்டம்பர் 21-ன்னு இருக்கே. ஆப்ஷன்ல ரெண்டும் வந்தா எதை ஷேட் பண்றது?"

மூன்று நாள் குழுவில் சத்தமே இல்லை. அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு உறை மோர் வாங்க வந்தபோது, "சாப்பாடு இறங்கல அவருக்கு" என்றார். நான் போய்ப் பார்த்தேன். 366 பக்க நோட்டு மூடிக் கிடந்தது. விஷயம் இதுதான்: ஆங்கிலேயன் அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தான், பிரெஞ்சுக்காரன் கிரிகோரியனுக்கு எப்போதோ மாறிவிட்டான். இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். கோட்டையை விட்டவனுக்கு 10-ஆம் தேதி, பிடித்தவனுக்கு 21. புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை சமர்த்தர். நாட்குறிப்பில் தமிழ் வருஷம், மாதம், தேதியோடு ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே எழுதி வைத்தார். பிரிட்டன் கடைசியில் 1752-ல்தான் வழிக்கு வந்தது. செப்டம்பர் 2, புதன்கிழமை படுத்தவர்கள் 14, வியாழக்கிழமை எழுந்தார்கள்.

"நடுவுல 11 நாள் எங்க சார் போச்சு?" என்று என்னைக் கேட்டார். பென்ஷன் கணக்கில் 11 நாளைப் பிடித்துவிட்டதைப் போல ஒரு குரல்.

ஆனால் தபால்காரர் குணம் லேசில் போகுமா? விலாசம் தப்பினால் இன்னொரு விலாசத்துக்குத் திருப்பி அனுப்புவது தொழிலாயிற்றே. செப்டம்பர் 21 அன்று கோட்டை மறுபடி விழுந்தது, "புதிய முறைப்படி" என்ற குறிப்போடு. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி அக்டோபர் 25-ல் ஒரு தரம், நவம்பர் 7-ல் ஒரு தரம் நடந்தது. திவசத்துக்கு மாசிகம், சோதகும்பம் என்று இருப்பது போல யுத்தங்களுக்கும் இரண்டு மூன்று தேதி கிடைத்துவிட்டது. நோட்டுக்குப் பக்கம் போதாமல் இணைப்புத் தாள் ஒட்டியிருக்கிறார்.

இந்த வருஷம் செப்டம்பர் 3 காலை, வழக்கம் போல 5 மணி 2 நிமிஷம்: "1939: ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்தது. 1752: பிரிட்டனில் இப்படியொரு தேதியே கிடையாது. ஆகவே போர், சமாதானம், பிறப்பு, இறப்பு எதுவும் இல்லை. இனிய காலை வணக்கம்." 4-ஆம் தேதியும் அதே. 5-ஆம் தேதியும் அதே. 13 வரைக்கும் ஒன்றும் நடக்காததைத் தவறாமல் அறிவித்தார்.

அதற்கு நடுவே 7-ஆம் தேதி, அவருடைய செய்திக்குக் கீழே செயலாளர் ஒரு வரி போட்டிருந்தார்: "இன்று லாரி வராது."

முதல் மாடிக்காரர் கேட்டார்: "1752-லயா, இப்பவா?"