ஈரிரவுக் கப்பலியல்: ஓர் அறிமுக ஆய்வு

கலம், வங்கம், நாவாய், தோணி, அம்பி என்று மிதப்பவற்றையெல்லாம் வகைபிரித்த தமிழ்ப் புலமை, அவற்றில் ஏறி, வேலை ஏதுமின்றிப் படுத்துக் கிடந்து, புறப்பட்ட துறைக்கே திரும்பி வருவதற்கு மட்டும் இலக்கணம் வகுக்காமல் விட்டுவிட்டது. அக்குறை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது. களம்: சென்னைத் துறைமுகம். காலம்: இரண்டு இரவு முதல் ஐந்து இரவு வரை. கருவி: சாப்பாட்டு மேசையில் விரித்த கப்பலின் தள வரைபடம், அது சுருண்டுகொள்ளாமல் மூலைக்கொன்றாக நான்கு டம்ளர்.

வரலாற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கைக் கடக்கப் போதிய ஆள் வராததால், ஜெர்மானியரான ஆல்பர்ட் பாலின் 1891 ஜனவரியில் ‘அகஸ்டா விக்டோரியா’ கப்பலை மத்தியதரைக் கடலைச் சுற்றிவர அனுப்பினார். சும்மா நின்ற கப்பலுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது; மனிதர்களைச் சும்மா வைத்திருக்கும் வேலை கிடைத்தது. சென்னைக்கும் ஏறக்குறைய இதே நியாயம்தான். தென்மேற்குப் பருவத்தில் மும்பைப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். சோழமண்டலக் கரை அப்போது சற்று அடங்கியிருக்கும். அதனால் 2022 ஜூனில், மும்பைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ இங்கே வந்தது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்தார். 1990-இல் பிரான்சில் கட்டி முடித்த கப்பல் அது. மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று, நான்கு இரவு ஓடவென்றே செய்யப்பட்டது. ஆக, பிறவியிலேயே குறும்பயணி.

இனி அறை. ஆய்வின் உயிர்நிலை இதுதான். சன்னலற்ற உள்ளறை, சன்னலுள்ள கடற்பார்வை அறை, பால்கனி அறை என ஏறுவரிசையில் கட்டணம் ஏறும். குடும்பத்தில் பெரிய மாமா பால்கனிக் கட்சி. “அவ்வளவு தூரம் போயிட்டு சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கவா?” என்பது அவர் வாதம். மேற்போக்கில் வலுவானது. ஆனால் கப்பல் பக்கவாட்டில் சாயும்போது உயரத்தில் இருப்பவருக்கே வீச்சு அதிகம். மூக்கும் வாலும் ஏறி இறங்கும்போது நடுவில் இருப்பவருக்கே அலைச்சல் குறைவு. ஆகவே வயிற்றுக்கு உகந்தது கீழ்த்தளத்து நடு அறை, அதாவது பெரும்பாலும் மலிவான அறை. பால்கனிகளோ வழக்கமாக மேல்தளங்களில். ஆகவே கூடுதல் காசு கொடுத்துக் கூடுதல் ஆட்டம் வாங்குகிறோம் என்பது இவ்வாய்வின் முதல் முடிபு. சன்னலற்ற அறையில் விடிந்ததே தெரியாது. காலை பத்து மணிக்கும் நள்ளிரவு. ஓய்வுக்கென்று போகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? மாமா இதை ஏற்கவில்லை.

பாட்டி ஒரே கேள்வியில் நின்றார்: “லோயர் பெர்த் கிடைக்குமாடா?” மேசையே சிரித்தது. சிரித்தவர்கள் வரைபடத்தின் ஓரத்தில் பொடி எழுத்திலிருந்த குறியீட்டு விளக்கத்தைப் படிக்காதவர்கள். நால்வர் அறையில் பொதுவாக இரண்டு படுக்கைதான் தரையில். மற்ற இரண்டும் பகலில் சுவரோடோ கூரையோடோ மடங்கிக் கிடந்து இரவில் இறங்கும், ஏறிப் படுக்க ஏணி கொடுப்பார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் பெற்ற ஞானம் வங்கக் கடலிலும் செல்லுபடியாகும்.

மூட்டை முடிச்சு பற்றி விரிக்கத் தேவையில்லை. இஸ்திரிப் பெட்டியையும் மின்சாரக் கெட்டிலையும் தீப்பிடிக்கும் என்று ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பாதுகாப்பு ஒத்திகை மட்டும் கவனத்துக்குரியது. முன்பெல்லாம் பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது உலக விதி. இரண்டு இரவுப் பயணத்தில் 24 மணி நேரம் என்றால் ஏறக்குறையப் பாதி ஆயுள் போய்விடுகிறது. 2012-இல் இத்தாலிக் கரையில் ‘கோஸ்டா கான்கார்டியா’ சாய்ந்த பிறகு விதி மாறியது: கிளம்புமுன், அல்லது கிளம்பிய கையோடு.

அடுத்து, எங்கே போவது? இவ்வாய்வின் துணிபு, எங்கேயும் போகாதிருப்பது. சென்னையிலிருந்து கிளம்பி, நடுக்கடலில் ஒரு நாள் கழித்து, சென்னைக்கே திரும்பும் இரண்டு இரவுத் திட்டமும் விற்பனையில் இருந்தது. இதன் மேன்மையை அளக்கும் கோல் அலைபேசி. கரை மறைந்து சற்று நேரத்தில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிரும். கப்பலின் வைஃபைக்குத் தனிக் கட்டணம் என்பதால் பெரும்பாலோர் மனத்தைத் தேற்றிக்கொள்வார்கள். அலுவலக மேலாளர் எட்டாத அந்த இடத்தில்தான் ஓய்வு தொடங்குகிறது. நடுவில் துறைமுகம் வந்தால் கோடுகளும் வரும், அவற்றோடு அவரும் வருவார். 2023-இல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் கப்பல் விட்டார்கள். பார்க்க வேண்டிய ஊர்கள்தான். ஆனால் அது பயணம், ஓய்வு அன்று. 2022-இல் சூதாட்டம் குறித்த எதிர்ப்பால் புதுச்சேரியில் கப்பலுக்கு அனுமதி மறுக்கப்பட்டதைப் பலர் இழப்பாகக் கருதினர். நம் கோட்பாட்டின்படி அது இலவசமாகக் கிடைத்த கடல்நேரம்.

இத்துணிபுக்கு ஒரு மறுப்பு உண்டு, அதற்கு இதுவரை விடை எழுதப்படவில்லை. திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கும்போது எதிர்வீட்டு அக்கா கேட்பார்: “எங்க போயிட்டு வர்றீங்க?” எங்கேயும் போகவில்லை என்று அவ்வளவு பெரிய பெட்டியை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. “விசாகப்பட்டினம்” என்று ஒரு சொல் சொல்வதற்காகவே ஐந்து இரவுக்குப் பணம் கட்டியோர் உளர்.