தேங்காய், மாசி, காதல் கடிதம்

தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தான் நம் பாட்டன் பூட்டன்மாரைக் கங்காணிகள் ஆள் கட்டிக் கொண்டுவந்தார்கள். மலையகத்தில் எல்லா லயத்திலும் தெரிந்த கதை. தேங்காய் மரத்தில்தானே காய்க்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லையா? கேட்கிற நிலையிலா இருந்தார்கள்! தாது வருஷப் பஞ்சமும் அதன் தங்கச்சிமாரும் வயிற்றைக் காயப்போட்டிருந்த காலம். தவிர, சொன்னவர் வேற்றாள் இல்லை. சொந்த ஊர், சொந்தச் சாதி, பல சமயம் மாமன் மச்சான் முறை.

நம்பி வந்து வட்டவளைப் பக்கம் தோண்டியவர்களுக்கு அகப்பட்டது அட்டையும், வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழையும். கூடவே இனாமாக ஓர் இணைப்பு: கடன். வழிச்செலவு என்று கங்காணி எழுதிவைத்த அந்தக் கடன், 'துண்டு' என்கிற சீட்டில் ஏறி, தோட்டம் மாறினாலும் ஆளோடு சேர்ந்தே மாறியது. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

அதே வித்தையைக் கணினியில் காட்டியவர்களில் ஒருவர் மணிலாவைச் சேர்ந்த ஒனெல் டி குஸ்மன் என்ற வாலிபர். 2000 மே 4ஆம் திகதி 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு ஒரு மின்னஞ்சல் உலகம் சுற்றக் கிளம்பியது. இணைப்பில் காதல் கடிதம். பெயரின் கடைசியில் 'டாட் டிஎக்ஸ்டி' என்று தெரிந்ததால் வெறும் எழுத்துக் கோப்பு என்று தோன்றும். அதற்கும் பின்னால் 'டாட் விபிஎஸ்' என்று இன்னொரு வால் இருந்தது. அதுதான் நிஜ வால், திறந்தால் வேலையைத் தொடங்கும் நிரல். தெரிந்த வால்களையெல்லாம் மறைத்துக் காட்டுவது விண்டோஸின் வழக்கம். திறந்தவுடன் 'புழு' எனப்படும் அந்த நிரல் அவுட்லுக் முகவரிப் பட்டியலை எடுத்து, அதில் உள்ள அத்தனை பேருக்கும் உங்கள் பெயரிலேயே காதலைத் தெரிவித்தது. கங்காணியின் பேரேடு இவ்வளவு வேகமாக ஓடியதில்லை. படங்களை அழித்தது, எம்பி3 பாட்டுகளை மட்டும் அழிக்காமல் ஒளித்துவைத்தது. ரசனை உள்ள புழு!

இம்முறை மாசிக்கு ஆசைப்பட்டவர்கள் துரைமார். லண்டன் பாராளுமன்றம் மின்னஞ்சலை இழுத்து மூடியது. பென்டகனும் தப்பவில்லை. டி குஸ்மனைப் பிடிக்கப் பிலிப்பைன்ஸில் சட்டம் இல்லை; அவசரமாக ஜூனில் ஒன்றை இயற்றினார்கள், அது முன் செய்த குற்றத்துக்குச் செல்லாது என்பதால் ஓகஸ்டில் அவரை விட்டுவிட்டார்கள். இலங்கை நிதானமாக யோசித்து 2007இல் கணினிக் குற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

2001இல் டென்னிஸ் வீராங்கனை அன்னா குர்னிகோவாவின் படம் என்று வேறொன்று வந்தது. படமும் இல்லை, அன்னாவும் இல்லை, அதே வால்தான்.

இரை எப்போதும் இல்லாமையைப் பார்த்துத்தான் வைக்கப்படுகிறது. தோட்டப்பக்கம் 'நாள் சம்பளம் கூடியது' என்று தலைப்பிட்டு ஒருவன் அனுப்பினால் ஐ லவ் யூ தோற்றுவிடும். ஆகவே பெயரை வாலிலிருந்து வாசியுங்கள். வாலை மறைக்காதே என்று விண்டோஸிடம் ஒருமுறை சொல்லிவைக்கலாம். 'மெக்ரோவை இயக்கு', அதாவது உள்ளே இருக்கிற நிரலை ஓடவிடு, என்று கெஞ்சுகிற வேர்ட் கோப்பைக் கெஞ்சவிடுங்கள். அனுப்பியவர் மாமனே என்றாலும், மாமனுக்கு ஒரு கோல் போட்டு "நீங்கதானா அனுப்புனீங்க?" என்று கேட்டால் மாமன் கோபிக்கமாட்டார்.

நம் அரசாங்கம் மட்டும் கேட்டதா? 2023 ஓகஸ்டில், 2013ஆம் வருஷத்து மைக்ரோசொஃப்ட் மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்த அரச மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் நச்சுநிரல் ஒன்று பூட்டிவிட்டது. சுமார் 5000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகமும் சேர்த்தி. ஊழியர்களுக்குச் சில கிழமைகளாகச் சந்தேகமான சுட்டிகள் வந்துகொண்டிருந்தன, யாரோ அமுக்கியிருக்கலாம் என்றார்கள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்த கடிதங்கள் போனது போனதுதான். காணிக்கு மனுப்போட்டுவிட்டுப் போய் நின்றால், "உங்க கடிதம் கிடைக்கலையே" என்பது கந்தோர்களின் பழைய பாட்டு. அந்த மூன்று மாதத்துச் சொச்சத்துக்கு மட்டும் அது சத்தியமான வார்த்தை.