எடத்து மாடும் வலத்து மோட்டாரும்

ஏங்கண்ணு, மூஞ்சி ஏன் இப்பிடித் தொங்குது? வண்டி மைலேஜ் குடுக்கலையா? கையில என்ன பாட்டலு? பெட்ரோல்ல ஊத்தற மருந்தா? அத அக்கட்டால வெச்சுட்டு சித்த திண்ணையில உக்காரு. என்ர பேரன் போட்டு வாங்கின கதையச் சொல்றேன். அப்புறமா ஊத்து.

பொள்ளாச்சிக்காரனுக்குப் போட்டு எதுக்குன்னுதானே கேக்கறே? நானுந்தான் கேட்டேன். நமக்குத் தெரிஞ்ச தண்ணி ஆழியாறு டேமும் பிஏபி வாய்க்காலும். டேமு ரொம்பினா 120 அடி. வாய்க்கால்ல தண்ணி வந்தா நமக்கு நோம்பி. இவனுக்கு அது பத்தல. கோபாலபுரம் தாண்டி கொச்சிக்குத் தேங்கா லோடு கொண்டு போனவன், அங்க காயல்ல ஒரு போட்டு சீறிட்டுப் போறதப் பாத்தான். கூட்டாளிக ரெண்டு பேரச் சேத்துக்கிட்டுப் பழசா ஒன்ன வாங்கிட்டான். பின்னால ரெண்டு மோட்டாரு. ஒவ்வொன்னும் 115 குதிரை.

"ரெண்டு மோட்டாருங்க அப்பாரு, ரெட்ட வேகம்!"னான்.

அட கெரகமே! ரேக்ளாவுல ரெண்டு காளை பூட்டறோம். அதனால ஒத்தக் காளையவிட ரெண்டு மடங்கா பறக்குது? போட்டுல பலத்த ரெண்டு மடங்காக்கினாலும் வேகம் ஒன்னரை மடங்கு கூட ஏறாது. ரெண்டாவது மோட்டாரு பலத்த மட்டுமா கொண்டாருது? தன்ர பாரத்தையும் சேத்தில்ல கொண்டாருது!

ஆறு மாசம் போச்சு. பேரன் போனு போட்டு அழுவறான். 32 நாட்டு போனது 24தான் போவுதாம். ஒரு நாட்டுன்னா மணிக்கு 1.852 கிலோமீட்டராம், அவன்தான் சொன்னான். "எந்தப் பக்கமாப் போறப்ப அளந்தே?"ன்னேன். பேச்சு மூச்சில்ல. கொச்சியில கடத்தண்ணி ஏறும், எறங்கும். ஓட்டத்துக்கு எதுக்க ஒருக்கா, ஓட்டத்தோட ஒருக்கா ஓட்டோணும். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுக்கோணும். வகுத்தா 25. சரி, கொறஞ்சது நெசந்தான்.

அதுக்கு அவன் என்ன பண்ணினாங்கற? அடியில குனிஞ்சு பாத்தானா? இல்ல. ரெண்டு கறவ மாட்டு வெலைக்கு, பளபளன்னு ஸ்டீலு புரொப்பல்லரு ஒரு சோடி வாங்கிட்டான். பழசவிட பிட்ச்சு ரெண்டு இஞ்சி எச்சு. ஒரு சுத்துக்கு எச்சாத் தள்ளுமாம். மாட்டினா வேகம் இன்னும் கொறஞ்சு போச்சு. கொறையாம? மம்புட்டிய ரெண்டடி அகலத்துக்கு அடிச்சா ஒரே போடுல காடு பூராங் கொத்திரலாமா? மண்ணுக்குள்ள போனது திரும்பி வரோணுமல்ல? பிட்ச்சு ஒரு இஞ்சி ஏறுனா மோட்டாரு நிமிசத்துக்கு ஏறக்கொறைய 200 சுத்து எறங்கும். ஏற்கெனவே மூச்சு வாங்கற மாட்டு மேல இன்னும் நாலு மூட்டைய ஏத்திப்போட்டான். அறுக்கத் தெரியாதவன் இடுப்புல அம்பத்தெட்டு அருவான்னு சும்மாவா சொன்னாங்க?

கெளம்பிப் போனேன். மொதல்ல பழைய புரொப்பல்லர மாட்டச் சொன்னேன். லீவர முழுசாத் தள்ளச் சொல்லி மீட்டரப் பாத்தேன். அந்த மோட்டாரு முழு மூச்சுல 5,000லிருந்து 6,000 சுத்துக்குள்ள நிக்கோணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. வலத்து மோட்டாரு 5,100. எடத்து மோட்டாரு 4,400.

இப்ப நீ சொல்லு கண்ணு. மாடு பூட்டிக் கெணத்துல கவலை ஓட்டறப்ப சாலு மெதுவா ஏறுனா, ரெண்டு மாட்டையும் அடிப்பியா? எந்த மாடு சுணங்குதுன்னு பாப்பியா? ரெட்டை மோட்டாருல அதுதான் வசதி. ஒன்னு இன்னொன்னுக்குச் சாட்சி. ஒன்னு சுணங்குனா போட்டே சுணங்கும். அந்தப் பாரம் நல்லதையும் இழுத்துப் புடிக்கும். அதனாலதான் வலத்ததும் முக்குது.

"புரொப்பல்லர எடம் வலம் மாத்திப் பாக்கலாங்களா?"ன்னான். போடா இவனே! அது ஒன்னு வலஞ்சுத்தி, ஒன்னு எடஞ்சுத்தி. போட்டு ஒருபக்கமா இழுக்காம இருக்க அப்பிடி வெச்சிருக்காங்க. எடத்து மாட்டப் புடிச்சு வலத்துல பூட்டுனா நொகத்தடியத் தள்ளிட்டுப் போயிருமல்ல? மீட்டர வேணா மாத்திப் பாருன்னேன். மாத்தியும் எடத்ததேதான் கம்மி. அப்ப மீட்டரு பொய் சொல்லல.

அப்புறம் பெட்ரோலு. கடமடைக்குத் தண்ணி வரலீன்னா மடையப் பாப்பமா, மானத்தப் பாத்து நோவமா? பில்டரக் கழட்டிப் பாத்தோம். இப்பல்லாம் பெட்ரோலுல எத்தனாலு கலக்கறாங்க, அது ஈரத்த இழுக்கும். அடியில தண்ணி நிக்குதான்னு பாக்கோணும். நிக்கல. பிளக்கும் நல்லா இருந்துச்சு.

மோட்டார நிறுத்தி, சாவிய எடுத்து மடியில முடிஞ்சுக்கிட்டேன். மூடியக் கழட்டச் சொன்னேன். ஒருத்தன் லீவர முழுசாத் தள்ளறான், நான் உள்ள பாக்கறேன். வலத்ததுல காத்துக் கதவு போயி முட்டி நிக்குது. எடத்ததுல அரை விரக்கடை பாக்கி. கேபிளு தொய்ஞ்சு கெடக்கு! முழுசாத் தொறக்காத மதகுல முழுத் தண்ணி எங்க வரும்? நட்ட ரெண்டு திருகு திருகினான். ரெண்டு மோட்டாரும் ஒட்டுக்கா 5,100க்குக் கொஞ்சம் மேல.

வேகம் 27. இன்னும் அஞ்சு எங்க போச்சு?

மீட்டருல சுத்து ஏறியும் வேகம் வரலீன்னா, சேத்துல சிக்குன டிராக்டராட்ட புரொப்பல்லரு வெறுமனே சுத்துதுன்னு அர்த்தம். உள்ள இருக்கற ரப்பரு வழுக்கும். இல்லீன்னா மோட்டார மேல தூக்கி மாட்டினதுல காத்தக் குடிக்கும். இங்க அந்தக் கதை இல்ல. சுத்தே ஏற மாட்டேங்குது. அப்ப பாரம் எங்கியோ இருக்கு.

பலகையத் தூக்கிப் பாத்தா அடிப்பள்ளத்துல தண்ணி. பக்கிட்டுல மோந்து ஊத்தினோம், ஏழு பக்கிட்டு. ஒரு லிட்டரு ஒரு கிலோ. நூறு கிலோவுக்கு மேல ஒரு ஆள, டிக்கெட்டு வாங்காம தெனமும் ஏத்திட்டுப் போயிருக்கான்!

அப்புறம் போட்டக் கரையேத்தினோம். குனிஞ்சு வயித்தத் தடவிப் பாத்தேன். கண்ணு, கொத்து வெச்ச ஆட்டாங்கல்லாட்ட சொரசொரன்னு இருக்குது! கடத்தண்ணியில வெள்ளை வெள்ளையா ஓடு புடிச்சு அடி பூரா ஒட்டியிருக்கு. பொள்ளாச்சித் தேங்காய ஒடச்சு அதுலயே துருவலாம். இந்தச் சொரசொரப்ப இழுத்துக்கிட்டு எந்த மோட்டாரு ஓடும்? இரும்புல சொரண்டாதே, மேல்பூச்சு போயிரும்னு சொல்லி, மரப்பட்டையில தேய்க்க வெச்சேன். ஒன்னரை நாளு வேலை. எப்பவும் தண்ணியிலயே கெடக்கற போட்டுக்கு இந்த ஓடு ஒட்டாம இருக்க ஒரு பெயிண்டு இருக்குதாம். அதையும் அடிச்சுட்டாங்க.

தண்ணியில எறக்கினோம். ரெண்டும் 5,700. போறப்பவும் வாறப்பவும் அளந்து வகுத்தா 31. அந்த மிச்சம் ஒரு நாட்டு? ஆள் ஒசரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கரு பொட்டி ஏத்தி வெச்சிருக்கான். அத எறக்கச் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிறான். சரி, பாட்டுக் கேட்டுக்கட்டும்.

ஸ்டீலு புரொப்பல்லரு ரெண்டும் இப்ப என்ர அட்டாளி மேல இருக்குது. யாராச்சும் வந்தா எறக்கிக் காட்டுவேன். உனக்கும் காட்டறேன், இரு.

அதுக்கு முன்னால ஒன்னே ஒன்னு. அந்த மருந்து பாட்டல ஊத்தப் போறியே, வண்டி டயருல காத்து இருக்குதான்னு பாத்தியா?