கவர் மேல யார் பேரு, மாப்ளே?

என்ன மாப்ளே, கடை வெப்சைட்டுல இருந்து போற பில்லு மெயில் ஒண்ணும் போய்ச் சேரலையாமே? மூஞ்சியப் பாத்தா சர்வரை வித்துட்டு காசிக்குக் கிளம்புற மாதிரி இருக்கு. இரு, மெயில் லாக்கைத் திற. 'ஃப்ரம்'னு இருக்க வரியப் படி. "டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா அட் லோக்கல்ஹோஸ்ட் டாட் லோக்கல்டொமைன்." அடேங்கப்பா! எந்த ஊரு ஜமீன்தாருடா அவரு?

கல்யாணப் பத்திரிகைக்குள்ள பொண்ணோட அப்பா பேரு இருக்கும். கவர்ல அனுப்புநர்னு அச்சாபீஸ் பையன் பேரு இருந்தா, சேராத பத்திரிகை அவன்கிட்டதான் திரும்பும். தபால்காரர் பிரிச்சா படிப்பாரு? 1982ல ஜான் போஸ்டல் எழுதின எஸ்எம்டிபி விதியும் இதேதான். சர்வருக்குச் சர்வர் சொல்லுற 'மெயில் ஃப்ரம்' வேற, படிக்கிறவன் கண்ணுல படுற 'ஃப்ரம்' வேற. நீ உள்ளதை ஜோடிச்சுட்டு வெளியில இருக்கதை வெப் சர்வர் அப்பாச்சிகிட்ட விட்டுட்ட.

அப்படியே விட்டாலும் சுகந்தான். திரும்புற மெயில் உன் கண்ணுல படாது. படாட்டி வேலையும் இல்ல. "பில்லு வரலயே"ன்னு கேக்குறவங்ககிட்ட "அனுப்பிட்டோம்ங்க"ன்னு தெம்பாச் சொல்லலாம். எதிர்ப்பக்கத்து சர்வர்தான் 'இப்படி ஒரு டொமைனே இல்ல'ன்னு வாசல்லயே தள்ளிவிடும். அதுக்கு என்ன பாசமா பந்தமா?

சம்பளத்துக்கு வேலை செய்யணும்னு எண்ணமிருந்தா, பிஎச்பி மெயில் ஃபங்ஷன்ல அஞ்சாவது இடத்துல 'மைனஸ் எஃப்' போட்டு முகவரியக் குடு. ஒரு புரோகிராமுக்கு அது போதும். சர்வர் முழுக்கன்னா, மெயில் அனுப்புற போஸ்ட்ஃபிக்ஸ்ல 'சென்டர் கேனானிக்கல் மேப்ஸ்' இருக்கு. ஆனா சும்மா விட்டா அது கவரையும் திருத்தும், உள்ள இருக்க ஃப்ரமையும் திருத்தும். 'சென்டர் கேனானிக்கல் கிளாஸஸ்'ல 'என்வலப் சென்டர்' மட்டும்னு எழுது. எழுதாம விட்டுட்டு, முதலாளி பேருல போற கடுதாசி எல்லாம் கவருக்கு நீ வச்ச 'பவுன்ஸ்' பேருல போகுதேன்னு என்கிட்ட வந்து நிக்காத.

புதுப் பேரு வைக்கிறதும் யோசிச்சு வை. ஊரான் டொமைனை வச்சா எஸ்பிஎஃப் விடாது. அது பாக்குறதே கவர்ல இருக்க டொமைனைத்தான், அந்த டொமைன்காரன் உன் ஐபிய அனுமதிச்சிருக்கானான்னு. டிமார்க் இன்னும் கெட்டி: டிகிம் கையெழுத்து பொருந்தி வரலைன்னா, கவர் டொமைனும் உள்ள இருக்க டொமைனும் ஒரே குடும்பமா இருக்கணும்பான். 2024 பிப்ரவரியில இருந்து, ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000க்கு மேல அனுப்புறவனுக்கு மூணுமே கட்டாயம்.

எல்லாத்தையும் மாத்துறேன்னு வெறுங்கவரையும் தொட்டுடாத. திரும்பி வர்ற அறிவிப்பு அனுப்புநர் இல்லாமத்தான் போகணும். அதுலயும் பேர எழுதினா ரெண்டு சர்வரும் விடிய விடிய ஒண்ணுக்கொண்ணு திருப்பிக்கிட்டே கிடக்கும். வேடிக்கை நல்லாருக்கும், டிஸ்க்குதான் தாங்காது.

'நோ-ரிப்ளை'ன்னு யாரும் திறக்காத பெட்டியவும் போட்டுடாத, சாமர்த்தியசாலி. ஆளு இருக்க பெட்டியாப் போடு. போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் பண்ணிட்டு, இல்லாத முகவரிக்கு ஒரு மெயில் தட்டு. அது திரும்பி வந்து அந்தப் பெட்டியில விழுந்தாத்தான் வேலை முடிஞ்சுதுன்னு முதலாளிகிட்ட சொல்லு.