கொழுந்துக்கு லீவு இல்லை

கேள்வி: ஒரு கிழமை லீவு போட்டு பதுளை டவுன், பேங்க், துன்ஹிந்த என்று சுற்றிவிட்டு வந்தவருக்கு, முதல் நாள் மலையில் மட்டும் கூடை ஏன் இப்படிக் கனக்கிறது?
- வாசகி, ஸ்பிரிங்வெளி

பதில்: ஆள் லீவில் இருந்த நாளெல்லாம் தேயிலை ஓவர்டைம் பார்த்திருக்கிறதே!

மழையும் வெயிலும் மாறி மாறி வந்தால் ஏழெட்டு நாளுக்கு ஒரு தடவை கொழுந்து எடுத்தாக வேண்டும். சுற்று தள்ளிப்போனால் இரண்டு இலையும் அரும்பும் என்ற பக்குவம் தாண்டி இலை முற்றிவிடும், தண்டும் நார் பிடிக்கும். முற்றியதைக் கிள்ள விரல் நோகும். ஃபேக்டரியிலும் அதற்கு மதிப்பில்லை. தீபாவளி லீவுக்குப் பிந்திய முதல் பிரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) கங்காணிமார் படும் அவசரம் இதனால்தான்.

கூடையை விடக் கனமானது பேர் விழாத, அதாவது கூலி கிடைக்காத நாள். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. சம்பளமில்லாத லீவில் ஒரு கையெழுத்துக்காக டவுனில் நின்றால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் வேலைகளுக்கு நடமாடும் சேவை தோட்டத்துக்கே அடிக்கடி வரவேண்டும். லீவு ஊர் சுற்றுவதற்கு மிஞ்சட்டும்.

லீவில் ஊருக்கு வந்துபோகும், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. 1924இல் பதுளைக்கு வந்த ரயில் பாதை அங்கேயே முடிகிறது. திரும்பும்போது அதுதான் முதல் ஸ்டேஷன். நேரத்தோடு போனால் ஜன்னல் சீட் பிடிக்கலாம்.