தபால் பெட்டியில் இரண்டு சம்பந்திகள்

பல் டாக்டரிடம் காத்திருந்தேன். ஒரு பெண் கதவைத் திறந்து, "ஹெர் ஷான்முகா... சுந்தாராம்?" என்று கூப்பிட்டாள். நான் பாட்டுக்கு ஜெர்மன் பத்திரிகையில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது, அப்பா பேர் மாதிரி இருக்கிறதே என்று நிமிர்ந்து எதிரே இருந்த கிழவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மூன்றாம் தடவைதான் உறைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு ஸ்டுட்கார்ட்டில் பல் பிடுங்க நேரம் குறித்திருக்கிறார்கள். வாயைத் திறக்க வேண்டியவன் நான்.

தமிழனுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? இருப்பது இனிஷியல். எஸ்.செந்தில் என்று முப்பத்தாறு வயது வரை ஒரு குறையும் இல்லாமல் காலம் தள்ளியவன் நான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியபோது, ஒற்றை எழுத்துக்குள் அடக்கமாகக் குந்தியிருந்த அப்பா சோம்பல் முறித்து எழுந்து, ஆங்கிலத்தில் பதினாறு எழுத்து நீளத்துக்கு நின்றார். மனைவியின் பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது. அதில் அவளுடைய அப்பா பரமசிவம் நிற்கிறார். மகளுக்கு நான். ஆக, ப்ளூ கார்டுக்கும் அதை ஒட்டிய விசாக்களுக்கும் விண்ணப்பித்தபோது நாங்கள் மூன்று பேர், மூன்று குடும்பம். கவுண்டரில் இருந்தவர் கல்யாணச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எங்களையும் அப்படியே பார்த்தார். ஒட்டுப் போட்ட வேட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

பெட்டி கட்டிய கதை எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். தலைக்கு 23 கிலோ. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள், அதை விட்டுவிட்டா போவது என்றாள் மனைவி. கல்லோடு 11 கிலோ. என் புத்தகங்கள் இறங்கின, கிரைண்டர் ஏறியது. அம்மா ஊர்ப் பெருமையாக ஒரு கிலோ பால்கோவா வைத்திருந்தாள். பாலில் செய்ததையும் இறைச்சியையும் வெளியிலிருந்து வரும் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்கிற விதியைச் சென்னை விமான நிலையத்துக்குப் போகும் டாக்ஸியில்தான் படித்தேன். இறங்கியதும் வாசலில் மூன்று பேரும் நின்றபடியே தின்றோம். முக்கால் கிலோவுக்கு மேல் இறங்கவில்லை. மீதியைப் பக்கத்தில் நின்ற தம்பியிடம் நீட்டினேன். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பொட்டலத்தை வாங்காதீர்கள் என்று விமான நிலையத்தில் சொல்கிறார்களே, அது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

அப்பா வழியனுப்ப வரவில்லை. மெட்ராஸ் வெயில் ஒத்துக்காது என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் சொல்கிற சாக்கா அது!

ஸ்டுட்கார்ட்டில் வீடு கிடைத்தது. சமையலறை என்று காட்டிய இடத்தில் சுவரிலிருந்து இரண்டு தண்ணீர்க் குழாய் நீட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் தொட்டி இல்லை, அடுப்பு இல்லை, அலமாரி இல்லை. திருட்டுப் போய்விட்டது என்று பதறி வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். முன்பு குடியிருந்தவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றார், நிதானமாக. ஜெர்மனியில் இது சகஜமாம். காலி பண்ணும்போது சமையலறையைக் கழற்றிக்கொண்டு போவார்கள், இல்லையென்றால் அடுத்து வருகிறவருக்கு விற்பார்கள். நம் ஊரில் கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போகிற மருமகள்கூட அம்மியை விட்டுவிட்டுத்தான் போவாள்.

நல்ல நேரம் முடியப் பதினைந்து நிமிடம்தான் இருந்தது. பால் காய்ச்ச அடுப்பு இல்லை. ஹாலில் தரையில் ரைஸ் குக்கரை வைத்து, அடாப்டரைச் செருகி, பாலை ஊற்றினோம். அம்மா வீடியோவில் இருந்தாள். பால் பொங்கியது, வழிந்தது, அடாப்டருக்குள் இறங்கியது, வீடே இருண்டது. "பொங்கிடுச்சுல்ல, அது போதும்" என்றாள் அம்மா, இருட்டைப் பார்த்து.

குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அங்கே மதத்தையும் கேட்டார்கள். சர்ச்சில் உறுப்பினராக இருந்தால், இந்த மாநிலத்தில், கட்டுகிற வருமான வரியில் 8 சதவீதம் சர்ச் வரி. "நம்ம ஆண்டாளுக்கு ஒண்ணும் இல்லைல்ல?" என்று அப்பா உறுதிப்படுத்திக்கொண்டார். துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றவர். ஜெர்மன் படிவங்கள் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, ஒரு வார்த்தை புரியாமலே, "கட்டம் எல்லாம் நேரா இருக்குடா" என்று ரசித்தார்.

பெயர்ப் பலகையில்தான் வந்தது வினை. இங்கே பிளாட்டுக்குக் கதவு எண் கிடையாது. அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் இருக்கிற பெயரைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள். பெயர் இல்லையென்றால் ஆள் இல்லை. பலகையில் பதின்மூன்று எழுத்துக்குத்தான் இடம் இருந்தது. மேல் வரியில் 'ஷண்முகசுந்த', கீழ் வரியில் 'பரமசிவம்'. குழந்தைக்கு யார் கடிதம் போடப் போகிறார்கள் என்று அவளை விட்டுவிட்டோம்.

போட்டோவைப் பார்த்ததும் அப்பா போன் செய்தார்.

"மீதி 'ரம்' எங்கடா?"

"இடம் பத்தலைப்பா."

"அவர் பேர் முழுசா இருக்கே."

விஷயம் இதுதான். மாமனார் சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர். எங்கள் கல்யாணப் பத்திரிகையை அவரே அடித்தார். அதில் அப்பாவின் பெயர் அவர் பெயரைவிட இரண்டு பாயிண்ட் சிறியதாக விழுந்துவிட்டது. 'துணை வட்டாட்சியர் (ஓய்வு)' விழவே இல்லை. ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. விசேஷ வீடுகளில் ஒருவர் முதல் பந்தி என்றால் மற்றவர் இரண்டாம் பந்தி. இப்போது ஸ்டுட்கார்ட்டில் ஒரு சாண் பலகையில் ஒருவர் தோளில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். மாமனார், தானே சிவகாசியில் அடித்து அனுப்புவதாகச் சொன்னார். "என்ன பாயிண்ட்னு கேளு" என்றார் அப்பா, என்னிடம்.

அப்பா சொந்தமாகக் கட்டிய வீட்டுக்கு அவருடைய அம்மா பெயரைத்தான் வைத்தார். யோசித்துப் பார்த்தால், எழுபத்தொரு வயதில் அவர் பெயர் ஒரு வாசலில் ஏறியது இதுதான் முதல் தடவை. அதுவும் 'ரம்' இல்லாமல்.

அம்மா பாடு இன்னும் திண்டாட்டம். பருப்புப் பொடி, வத்தல் எல்லாம் கட்டி எஸ்.செந்திலுக்கு ஒரு பார்சல் அனுப்பினாள். அப்படி யாரும் இந்த விலாசத்தில் இல்லை என்று ஒன்றரை மாதம் கழித்து அது திரும்பிப் போனது. இரண்டாம் தடவை தபால் ஆபீசில், "பெறுநர் பேர் என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். நாற்பது வருஷமாகப் புருஷன் பேரை வாயால் சொல்லாதவள், "முருகன் பேருதான், பெருசு" என்றாளாம். கடைசியில் ரேஷன் கார்டை எடுத்துக் காட்டியிருக்கிறாள். "அனுப்புநர்?" அதற்கும் அதே கார்டு. கவுண்டர் பையன், "ஐயா தனக்குத் தானே பார்சல் அனுப்பிக்கிறாரா?" என்றானாம்.

எங்கள் பக்கம் வேறு விதமான பாடு. ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்பது தெரியாமல் கிரைண்டர் போட்டு, கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, கல் சுற்றுவதைப் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, திங்கட்கிழமை சுற்றச் சொல்லிப் போனார். குளிர்காலத்தில் மாவு புளிக்காது. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். பிரசவ வார்டு மாதிரி இரண்டு தடவை எழுந்து பார்ப்போம்.

மனைவிக்கு இந்த ஊரோடு ஒட்டுதல் ஏற்பட்டது விளக்குமாற்றால். இந்தப் பக்கம் 'கேர்வோஹெ' என்று ஒன்று உண்டு. வாரம் ஒரு வீட்டார் முறைவைத்து மாடிப்படியையும் வாசலையும் பெருக்கித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு சின்ன அட்டை தொங்கும். மாநகராட்சி விதியை 1988-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் வாடகை ஒப்பந்தங்களிலும் பக்கத்து வீட்டுப் பாட்டிகளின் கண்களிலும் அது அப்படியே இருக்கிறது. அட்டை எங்கள் கதவுக்கு வந்த முதல் சனிக்கிழமை, மனைவி பெருக்கித் துடைத்துவிட்டு, கை சும்மா இருக்காமல், கதவுக்கு முன்னால் ஐந்து புள்ளியில் ஒரு கோலம் போட்டாள். மேல்வீட்டுப் பாட்டி ஒரு வாரம் முழுக்க சுவரோரமாக ஒட்டி ஒட்டிப் படியேறினார். கூரியர்காரரையும் அப்படியே ஏற வைத்தார். அடுத்த சனிக்கிழமை அட்டை அவர் கதவுக்குப் போனதும், துடைப்பத்தோடு வந்து மணி அடித்துக் கேட்டார்: "இதைப் பெருக்கலாமா? இல்லை, மதச் சம்பந்தமா?"

அரிசி வாங்குகிற கடை யாழ்ப்பாணத்து அண்ணருடையது. என் வங்கி அட்டையை வாங்கிப் பெயரைப் படித்துவிட்டு, "இது உங்கட அப்பான்ட பேர் என்ன?" என்றார். சம்பந்திகள் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மூட்டையைத் தராசில் வைத்துக்கொண்டே, "நீங்கள் கிரைண்டரோட வந்திருக்கிறியள் தம்பி. நான் எண்பத்தஞ்சில வரேக்க ஒரு காற்சட்டை, ஒரு சேட்டு. அப்பாவைப் பிறகு காணக் கிடைக்கேல்ல. ஆனா இஞ்ச குடும்பப் பேர் எண்டு அவரின்ட பேரைப் பதிஞ்சவங்கள். இப்ப என்ட பேரனுக்கும் அந்தப் பேர்தான். கிண்டர்கார்டனில தங்கராசா, தங்கராசா எண்டு கூப்பிடுறாங்கள்" என்றார். கருவேப்பிலைக்குக் காசு வாங்கவில்லை.

போன மார்கழியில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இங்கே அதிகாலை இரண்டரை, ஊரில் ஏழு மணி. அம்மாவின் போன் வந்ததும் நான் லேப்டாப்பைத் திறந்து டிக்கெட் தேட ஆரம்பித்தேன். எப்படிக் கணக்குப் போட்டாலும் மறுநாள் ராத்திரிக்கு முன்னால் ஊர் போய்ச் சேர முடியாது. விமானத்தின் நேரம், மதுரைக்கு இணைப்பு, அங்கிருந்து டாக்ஸி என்று கூட்டிக்கொண்டே இருந்தேன். மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டு, "உடனே கிளம்புங்க" என்று மட்டும் சொன்னாள்.

சிவகாசியிலிருந்து இருபது கிலோமீட்டர். காலண்டர் டெலிவரிக்கு நின்ற வேனைத் திருப்பிக்கொண்டு மாமனார் போய்விட்டார். புது வருஷக் காலண்டர் கட்டுகளுக்கு நடுவில் படுக்க வைத்துத்தான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இடுப்பில் சின்ன விரிசல். ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் அசையக்கூடாது.

மூன்றாம் நாள் வீடியோவில் பார்த்தேன். அப்பா கட்டிலில் இருந்தார். பக்கத்து ஸ்டூலில் மாமனார் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து, "பரமசிவம் ஐயா, கையைக் குடுங்க" என்றாள். அப்பா கையை நீட்டினார்.

"என்னப்பா இது?"

"சேர்க்கும்போது நோயாளி பேர்ங்கிற இடத்துல உங்க மாமா அவர் பேரை எழுதிட்டார்டா. பதட்டம். மூணு நாளா நான்தான் பரமசிவம்."

"மாத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

எழுத்துப் பிழைக்காக ஊரையே மூன்று தடவை நடக்க விட்டவர், "கிடக்குது விடு" என்றார். "மொதல்ல ரெண்டு தடவை கூப்பிட்டப்ப வேற யாரையோன்னு இருந்துட்டேன். அப்புறம் பழகிடுச்சு."

மாமனார் ஆரஞ்சிலிருந்து தலையைத் தூக்காமல், "முழுப் பேரும் எழுதியிருக்கேன் மாப்பிள்ளை. எழுத்து ஒண்ணும் விடலை" என்றார்.

வெளியே வராந்தாவிலிருந்து இன்னொரு நர்ஸ், "பரமசிவம்!" என்று கூப்பிட்டாள். இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.