டீக்கடையில் ஃப்ளோரிடா

ஒரு தினத்தந்தியை ஏழெட்டுப் பேர் தாள் தாளாகப் பிரித்துப் படித்த காலத்தில் தா.பழூர் கடைத்தெருவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்: தலைப்புச் செய்தி ஒருவர் கையில், அதன் தொடர்ச்சி இன்னொருவர் கையில், கன்னித்தீவு வந்த தாளோ யாருக்கும் சீக்கிரம் கிடைக்காது. பாதியைப் படித்துவிட்டு மீதியை நாமே ஊகித்துக்கொள்வோம். யோசித்தால், எங்கள் ஊரில் அரசியல் விமர்சனம் பிறந்ததே அந்தப் பற்றாக்குறையில்தான்.

2000 நவம்பரில் புஷ்ஷா, அல் கோரா என்று அமெரிக்கா திண்டாடியபோது, இரவு சிற்றலையில் பிபிசி தமிழோசையைத் திருகிப் பிடித்து, இரைச்சலுக்கு நடுவே காதில் விழுந்ததை மனப்பாடம் செய்துகொண்டு, மறுநாள் காலை பெஞ்சில் வாஷிங்டனுக்கே யோசனை சொல்லும் தோரணையில் பேசிய அந்த இளைஞனை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பொறாமையும்தான். துளை சரியாக விழாத ஓட்டுச்சீட்டை ஃப்ளோரிடாவில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள் என்றதும், சீட்டை மாற்றி மடித்து மை அடுத்த சின்னத்தில் ஒட்டிய கதைகளிலேயே ஊறிய பெரியவர் ஒருவர், "அடப் பாவமே, அங்கயும் செல்லாத ஓட்டா தம்பி?" என்றார். நிலாவுக்கு ஆள் அனுப்பிய நாடு எங்கள் பெஞ்சில் இடம் கேட்டு வந்து உட்கார்ந்தது போல எல்லாருக்கும் ஒரு திருப்தி. உச்ச நீதிமன்றம் வரை போய் 537 ஓட்டில் முடிய ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் நான் ஊரில் முக்கியஸ்தன். அடுத்த மே மாதம் நம் சட்டமன்றத் தேர்தலுக்கு எல்லாத் தொகுதியிலும் இயந்திரம் வந்து செல்லாத ஓட்டு ஒழிந்தது; கூடவே அதைப் பற்றிய பேச்சும் ஒழிந்தது.

ஃப்ளோரிடாவுக்குக் குறையாத கூத்து எங்கள் சிதம்பரம் மக்களவைத் தொகுதியிலேயே 2019 மே 23 அன்று நடந்தது. இரவு வெகுநேரம் இழுத்து, திருமாவளவன் 3,219 ஓட்டில் வென்றார். ஆனால் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு சானல் என்று ஆகிவிட்டதால், "என்னப்பா நிலவரம்?" என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, ஸ்டுடியோவிலோ, எங்கள் எண்ணிக்கை முடிவதற்குள் டெல்லியில் மந்திரிசபையே அமைத்துவிட்டார்கள். 2024 அமெரிக்கத் தேர்தலில் நின்ற கமலா ஹாரிஸுக்காக, அவருடைய அம்மாவழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்துக் கோவிலில் பூசை நடந்தபோதும், கொள்ளிடம் தாண்டி மன்னார்குடிப் பக்கம் இருக்கிற அந்த ஊரை, அமெரிக்க டிவி காட்டிய பிறகுதான் எங்கள் பையன்கள் பார்த்தார்கள். பென்சில்வேனியாவின் சாய்வைப் பற்றி இப்போது அவர்கள் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள்; நானும் பெரியவர் மாதிரி "அப்படியா தம்பி?" என்கிறேன்.

ஒன்று மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை: ஆரூடம் தப்பும். 2016-இல் ஹிலாரிதான் என்று அடித்துச் சொன்ன நிபுணர்களைக் கேட்டால் தெரியும். அப்போதெல்லாம் ஆரூடம் தப்பியவர் நாலு நாள் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டார்; இப்போது தப்பியவரைத்தான், ஏன் தப்பியது என்று விளக்கச் சொல்லி, மறுநாள் காலையே மறுபடி கூப்பிடுகிறார்கள்.